மனமீட்டுச் சிவிகை

பத்துமலை வாரம் முழுக்க லாரி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மைக் பிடிப்பார். ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகளில் உடைத்த கல்லை லுமுட் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அவருடைய பிழைப்பு. ஆனால் யாராவது "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டு "அறிவிப்பாளர்" என்பார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமாதிச் சாப்பாடு, எதுவானாலும் தாமான் ஸ்ரீ மெராந்தியில் ஒலிக்கிற குரல் அவருடையதுதான். நடுவில் மைக் கெட்டுப்போனால்கூடக் கூட்டத்துக்குத் தெரியாது. அப்படி ஒரு தொண்டை.

அந்தத் தாமான், அதாவது குடியிருப்பு, ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. முன்பு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் கிளென்மூர் எஸ்டேட். சனங்கள் வைத்த பெயர் கிளிமூக்குத் தோட்டம். மரத்தையெல்லாம் சாய்த்து வரிசை வீடு கட்டி, புதுப் பெயர்ப் பலகையும் நட்டாயிற்று. இன்றைக்கும் காம்பார் சாலையில் யாரிடமாவது வழி கேட்டால், "கிளிமூக்கா? நேரா போய் இடது பக்கம் வெட்டுங்க" என்றுதான் பதில் வரும்.

பத்துமலைக்கு இந்த மாதிரிப் பெயரைச் சிதைப்பது பிடிக்காது. சீனர் பெயரோ, மலாய்க்காரர் பெயரோ, பஞ்சாபிப் பெயரோ, முதல் நாளே வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறுவார். "பேரு தப்பா சொன்னா, ஆளை முகத்துல அடிச்ச மாதிரி" என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு சொல் வந்து ஒரு வாரம் ஆட்டிவைத்தது.

அது வாட்சப்பில் வந்தது. மதார் சாகிப் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்த நேரம். அனுப்பியவர் ஈப்போவில் பெரிய இருதய நிபுணராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் தர்மா. தாமான் பொதுமண்டபத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை அவர் அன்பளிப்பாகத் தருகிறார்; வரும் ஞாயிறு அதற்கு விழா; அறிவிப்பாளர் பத்துமலை. அது வரைக்கும் எல்லாம் நல்ல செய்திதான். கீழே ஒரு குறிப்பு இருந்தது. 'பி.பி. மெஷின், பி.பி. செட் என்றெல்லாம் மேடையில் அறிவிக்க வேண்டாம். கருவிக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.' அதற்கும் கீழே, சரக்கு ரயில் மாதிரி நீளமாக, ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.

பத்துமலை அதை எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார்.

"ஸ்... ஸ்பை... ஸ்பைக்... ஸ்ஃபிக்..."

"அண்ணே!" மதார் சாகிப் கல்லாவிலிருந்து எழுந்தார். "ரொட்டியை முழுங்கிட்டுப் படிங்கலா! எதிர்ல கஸ்டமர் உட்கார்ந்திருக்காரு!"

எதிரே இருந்த சீனக் கிழவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

"இதைக் கொஞ்சம் பாருங்களேன் பாய்" என்று பத்துமலை போனை நீட்டினார்.

மதார் சாகிப் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். உதட்டைக் குவித்தார், விரித்தார். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அண்ணே, இது பேரா, இல்ல வைஃபை பாஸ்வேர்டா?"

"பி.பி. மெஷின் பேரு பாய்."

"பி.பி. மெஷின்னு சொல்லிட்டுப் போங்களேன். யாரு கேக்கப் போறா?"

"டாக்டர் கேப்பாரு. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? சித்தியவான்ல ஒரு நிகழ்ச்சி. ஸ்டெதஸ்கோப்பை எவனோ தப்பா சொல்லிட்டான். இவரு மைக்கைப் பிடுங்கி, மண்டபத்துல இருந்த அத்தனை பேரையும் 'ஸ்டெதஸ்கோப், ஸ்டெதஸ்கோப்'னு சொல்ல வெச்சிருக்காரு. பிரியாணி ஆறிப்போற வரைக்கும் விடலையாம்."

பிரியாணி ஆறியது என்றதும் மதார் சாகிப்புக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது. "அப்ப கஷ்டந்தான்" என்று தலையை ஆட்டினார்.

இந்த இடத்தில்தான் சன்னாசி வந்து சேர்ந்தார். பத்துமலையின் மனைவி முத்தம்மாவுக்கு அண்ணன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பொதுமண்டபக் குழுவின் துணைத்தலைவர். உலகத்தில் எந்த மொழியில் எந்தச் சொல் இருந்தாலும் அது தமிழிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பது சன்னாசியின் கொள்கை. நாசி லெமாக்கில் வருகிற 'நாசி' மலாயில் சோறு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். சன்னாசி ஒப்புக்கொள்ள மாட்டார். "நாசின்னா மூக்கு. வாசம் மூக்கைத் துளைக்குது பாரு, அதான் நாசி" என்பார். அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஏனென்றால் அவர் நிறுத்த மாட்டார்.

போனை வாங்கிப் பார்த்த சன்னாசியின் முகம், தொலைந்துபோன பிள்ளையைக் கண்ட தாயின் முகம் மாதிரி மலர்ந்தது.

"மச்சான், இது நம்ம சொல்லு!"

"எது, இதுவா?"

"நடுவுல என்ன இருக்கு? மனோ. மனோன்னா மனசு. கடைசில மீட்டர். மீட்டர்னா என்ன? மீட்டுறது! வீணையை மீட்டுறோம்ல? மனசை மீட்டுறது. இப்ப முன்னாடி பாருங்க. ஸ்ஃபிக். சிவிக். சிவிகை!"

"சிவிகைன்னா?"

"பல்லக்கு மச்சான்! மனசை மீட்டுற பல்லக்கு. கையில மாட்டுறாங்கல்ல அந்தப் பட்டை, அது கையைத் தூக்கி வெச்சிக்கிது. பல்லக்கு ஆளைத் தூக்கி வெச்சிக்கிது. ரெண்டும் ஒண்ணுதானே?"

மதார் சாகிப் மெதுவாகக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். பத்துமலைக்கும் அது கொஞ்சம் இடித்தது. ஆனாலும் மனைவியின் அண்ணன். "அப்படியா மச்சான்" என்று மட்டும் சொல்லிவைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. சன்னாசி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "பேனர் வேலையை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயந்திரம் பத்துமலை எதிர் வரிசை வீட்டு ஷர்மினியைப் போய்ப் பார்த்தார். காம்பாரில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பவள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போனில் பேசப்போகிற பிள்ளைகளுக்கு, எந்த எழுத்தை விழுங்கலாம், எந்த எழுத்தைத் துப்பலாம் என்று பாடம் எடுக்கிறாள். கார் கழுவிக்கொண்டிருந்தவள், சொல்லைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"ஓ, இதுவாண்ணே. பயப்படாதீங்க. ஆறே அசைதான். ஸ்ஃபிக், மோ, ம, நொ, மி, ட்டர். கை தட்டிச் சொல்லுங்க."

பத்துமலை கை தட்டினார். அவர் கை லாரி ஸ்டியரிங் பிடித்த கை. மூன்றாம் தட்டுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆறாம் தட்டுக்கு அந்த வரிசையில் இருந்த நாய்கள் அத்தனையும் குரைத்தன.

"சரி, அசை வந்திருச்சு. இப்ப ஸ்ட்ரெஸ் எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

பத்துமலை யோசித்தார். "பின் கழுத்துலம்மா. சில நாள் தோள்பட்டைக்கும் இறங்குது."

ஷர்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அந்த ஸ்ட்ரெஸ் இல்லண்ணே. சொல்லுல. எந்த அசையை அழுத்திச் சொல்றோம்னு. தமிழ்ல நாம எல்லா அசைக்கும் பந்தியில உட்கார வெச்சு ஒரே மாதிரி சோறு போடுவோம். இங்கிலீஷ்காரன் ஒருத்தனுக்கு மட்டும் கறி வெப்பான். மத்தவனுக்கெல்லாம் ரசத்தைத் தெளிச்சு அனுப்பிருவான்."

"அநியாயமால்ல இருக்கு."

"அநியாயந்தான். ஆனா அப்படித்தான் அவன் காதுக்குப் புரியும். இதுல கறி யாருக்குன்னு கேட்டா, நாலாவது ஆளுக்கு. 'நொ'வுக்கு. ஸ்ஃபிக்மோம-நொ-மிட்டர்."

"மீட்டர்னு நீட்டக் கூடாதா? சென்டிமீட்டர், மில்லிமீட்டர்..."

"அதெல்லாம் அளவுண்ணே. இது அளக்கற கருவி. கருவின்னா, மீட்டருக்கு முன்னால உள்ள அசையிலதான் அழுத்தம் விழும். தெர்-மொ-மிட்டர். உங்க லாரியில வேகம் காட்டுற முள்ளு இருக்கே, ஸ்பீ-டொ-மிட்டர்."

பத்துமலைக்கு லாரி என்று சொன்னதும் பொறி தட்டியது. "ஹம்ப் மாதிரி."

"எது?"

"ரோட்டுல ஹம்ப் இருக்குல்ல, வேகத்தடை. வழுக்கிட்டே வரணும், ஹம்ப்ல ஏறணும், அப்புறம் சத்தமில்லாம இறங்கிப் போயிரணும். ஸ்ஃபிக்மோம..." அவர் கண்ணை மூடி, கால் பிரேக்கை மிதிப்பது போலத் தரையை மிதித்தார். "நொ! ...மிட்டர்."

ஷர்மினி கைதட்டினாள். நாய்கள் மறுபடியும் ஆரம்பித்தன.

"இன்னொண்ணும்மா. என் மச்சான் இது தமிழ்ச் சொல்லுங்கறாரு. மனோன்னா மனசாம்."

"கிரேக்கச் சொல்லுண்ணே. ஸ்ஃபிக்மோஸ்னா துடிப்பு, நாடித்துடிப்பு. மெட்ரோன்னா அளவு. நடுவுல இருக்கற மனோஸ்னா மெலிசு, அடர்த்தியில்லாததுன்னு அர்த்தம். காத்து, ஆவி மாதிரி மெலிசான சமாசாரத்தோட அழுத்தத்தை அளக்கற கருவிக்கு மனோமீட்டர்னு முதல்ல பேரு வெச்சாங்க. பின்னால டாக்டர்மாருங்க அதுக்கு முன்னாடி நாடித்துடிப்பைக் கொண்டுபோய் ஒட்டிட்டாங்க."

பத்துமலை தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "மெலிசுன்னு பேரு வெச்சவன் நம்ம ஊரு ஆளுங்களைப் பார்த்ததில்ல போல" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் போன இடமெல்லாம் அந்தச் சொல்லும் போயிற்று. சித்தியவான் சாலையில் ஒவ்வொரு ஹம்ப் வரும்போதும் "நொ!" என்று கத்தினார். கல் நிறுக்கும் இடத்தில் நின்ற மலாய்க்காரப் பையன் ஒருவன் தன்னைத்தான் 'நோ' என்கிறார் என்று நினைத்து, லாரியை விடாமல் அரை மணி நேரம் காக்க வைத்தான். குளிக்கும்போது சொன்னார். சவரம் செய்யும்போது சொல்லி, தாடையில் வெட்டிக்கொண்டார். தூக்கத்திலும் சொன்னார். ஆனால் தூக்கத்தில் முழுச் சொல்லும் வருமா? நடுப்பகுதி மட்டும்தான் வந்தது.

விடிந்ததும் முத்தம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பட்டென்று மேசையில் வைத்தாள். கையுறைத் தொழிற்சாலையில் ஐம்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர் அவள். அவள் கோப்பை வைக்கிற சத்தத்திலேயே விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரியும்.

"யாரு அந்த மனோ?"

"என்னது?"

"ராத்திரி பூரா மனோ, மனோன்னு உருகுறீங்க. லுமுட்ல இருக்காளா, சித்தியவான்ல இருக்காளா?"

"ஐயோ, அது மெஷின் பேரும்மா!"

"மெஷினா? மனோன்னு மெஷினு? என்னைப் பார்த்தா எப்படி இருக்கு உங்களுக்கு?"

பத்துமலை எழுந்து நின்று, காலால் தரையை மிதித்து, முழுச் சொல்லையும் சொல்லிக் காட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் தக்காளி மாதிரி சிவந்தது. முத்தம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

"இதைச் சொல்றதுக்கா மூஞ்சி இப்படிச் செவக்குது?" என்று மெதுவாகக் கேட்டாள். "மாங்கா ஊறுகாயை இன்னியிலேருந்து நிறுத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துமலை வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். தூரத்திலேயே உறுமி மேளம் கேட்டது. விழாவுக்கு மேளம் யாரும் ஏற்பாடு செய்யவில்லையே என்று யோசித்துக்கொண்டே வந்தவர், வாசலில் தொங்கிய பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

'மனமீட்டுச் சிவிகை நம் தாமானுக்கு எழுந்தருளும் பெருவிழா. அனைவரும் திரண்டு வாரீர்! — சன்னாசி, துணைத்தலைவர்.'

பி.பி. என்றோ மெஷின் என்றோ ஒரு எழுத்துக் கிடையாது. இதையே சன்னாசி வாட்சப்பிலும் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். சிவிகை என்றால் பல்லக்கு என்று கோயில் துண்டுப்பிரசுரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பல்லக்கு வருகிறது, அதுவும் எழுந்தருள்கிறது என்றால், உள்ளே ஒரு சாமி இருக்கத்தானே வேண்டும்? வழக்கமாக இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு இருபது பேர் வந்தாலே பெரிது. இன்றைக்கு மண்டபம் நிறைந்து வாசல் வரைக்கும் கூட்டம். பாதிப் பேர் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் ராக்காயி அக்கா ஆரத்தித் தட்டோடும் கற்பூரத்தோடும் உட்கார்ந்திருந்தாள். தாமானில் எந்தச் சாமி எந்தத் தெருவில் வந்தாலும் முதல் தட்டு அவளுடையதுதான்.

"தம்பி, அம்மன் எந்தப் பக்கமா வருது?" என்று பத்துமலையைக் கேட்டாள்.

"அக்கா, அம்மன் இல்லக்கா. டாக்டர் வராரு."

"டாக்டருதான் தூக்கிட்டு வராரா? நல்ல மனுசன்" என்றாள் ராக்காயி அக்கா.

பத்துமலை பல்லைக் கடித்துக்கொண்டு சன்னாசியைத் தேடினார். மேடை ஓரத்தில், புது ஜிப்பாவில், மணமகனின் தகப்பன் மாதிரி நின்றிருந்தார் சன்னாசி.

"மச்சான், என்ன இது?"

"கூட்டத்தைப் பாருங்க மச்சான்! தமிழ்ல பேரு வெச்சா சனம் வருது பார்த்தீங்களா?"

அதற்கு மேல் பேச நேரமில்லை. டாக்டர் தர்மாவின் கார் வந்துவிட்டது. பின்கதவைத் திறந்து இரண்டு பேர் பெரிய அட்டைப்பெட்டியை இறக்கியதும் உறுமி வெடித்தது. ராக்காயி அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, பெட்டிக்கு மூன்று சுற்று ஆரத்தி எடுத்து, பெட்டியின் நெற்றியில், அதாவது 'கவனமாகக் கையாளவும்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்த இடத்தில், குங்குமம் வைத்தாள். டாக்டர் நெடுநெடுவென்று உயரம், கழுத்துப்பட்டை, பளபளக்கும் சப்பாத்து. அறுவைச் சிகிச்சையில் ரத்தம் பார்த்துக் கலங்காத மனிதர். இதைப் பார்த்துச் சற்றுக் கலங்கிவிட்டார். அவர் நெற்றியிலும் குங்குமம் வந்து சேர்ந்தது.

பத்துமலை மைக்கைப் பிடித்தார். பின் கழுத்தில் யாரோ கல் மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. டாக்டர் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காதை மேடைப் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தார். மூன்றாம் வரிசையில் ஷர்மினி யாருக்கும் தெரியாமல் விரலால் தொடையில் ஆறு தட்டு தட்டிக் காட்டினாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நமது தாமானுக்கு டாக்டர் தர்மா அவர்கள் அன்போடு வழங்கும்..."

மேளம்கூட நின்றுவிட்டது. பத்துமலை கண்ணை மூடினார். சாலை தெரிந்தது. வழுக்கிக்கொண்டு வந்தார். ஹம்ப் வந்தது. காலால் மிதித்தார்.

"ஸ்ஃபிக்மோம-நொ-மிட்டர்!"

அட்சரம் பிசகவில்லை. அவர் தொண்டையில் புறப்பட்ட அந்தச் சொல் கூரைத் தகரத்தில் மோதி, மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. டாக்டர் தர்மாவின் முகத்தில், தேன் தொட்டு வைத்த குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு மலர ஆரம்பித்தது. அது முழுசாக மலர்வதற்குள், முன்வரிசையில் ராக்காயி அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"அரோகரா!"

இதுவரை வாயில் நுழையாத ஒரு பெயரை, இத்தனை உருக்கமாக, கண்ணை மூடி, காலை மிதித்து ஒருவர் அழைத்தால் அது சாமி பெயராகத்தானே இருக்கும்? கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

"அரோகரா!"

பத்துமலை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷ மைக் அனுபவத்தில் கூட்டம் அவருக்கு இப்படி எதிர்க்குரல் கொடுத்ததே இல்லை. பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"நம்ம ஸ்ஃபிக்மோமநொமிட்டருக்கு..."

"அரோகரா!"

உறுமி மறுபடி இடித்தது. இரண்டு பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். டாக்டர் மேடைக்கு ஏறி வந்து மைக்கை வாங்கினார். சித்தியவான் கதை தெரிந்தவர்கள் பின்பக்கம் பிரியாணி அண்டாவைக் கவலையோடு பார்த்தார்கள்.

"முதல்ல, அறிவிப்பாளருக்குப் பாராட்டுகள். மிகச் சரியான உச்சரிப்பு. நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும். நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள். ஸ்ஃபிக்மோமநொமிட்டர்."

"அரோகரா!"

"இல்லை, இல்லை. நான் சொல்வதையே சொல்லுங்கள். ஸ்ஃபிக்மோ..."

"அரோகரா!"

"முழுவதும் கேட்டுவிட்டு..."

"அரோகரா!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியை ஒரு பார்வையில் அடக்கி ஆண்டவர். கிளிமூக்கில் அது செல்லவில்லை. கடைசியில் உச்சரிப்பைக் கைவிட்டு, "சரி, செயல்முறையைக் காட்டுகிறேன்" என்று பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். உள்ளிருந்து பல்லக்கும் வரவில்லை, அம்மனும் வரவில்லை. வெள்ளையாக ஒரு இயந்திரம் வந்தது. கை விடுவதற்கு அதில் ஒரு குகை.

"இதுதானா?" என்றாள் ராக்காயி அக்கா. ஒரு நொடி ஏமாந்தவள், உடனே சமாளித்துக்கொண்டாள். "பரவால்ல. எந்த ரூபத்துல வந்தா என்ன."

முதலில் யார் கை விடுவது என்று பேச்சு வந்தபோது, டாக்டர் பத்துமலையையே உட்காரச் சொன்னார். "பேசக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. அசையக் கூடாது."

பேசாமல் இருப்பது பத்துமலைக்கு வழக்கமில்லாத வேலை. பட்டை உப்பிக் கையை இறுக்கியது. எண்கள் ஓடி நின்றன. நூற்று எண்பத்திரண்டு. கீழே நூற்று எட்டு.

பின்வரிசையில் ஒருவர் போனை எடுத்து, "ஒண்ணு எட்டு ரெண்டு... நாலு நம்பர் லாட்டரிக்கு இன்னும் ஒண்ணு குறையுதே" என்று முணுமுணுத்தார்.

டாக்டர் சிரிக்காமல் பத்துமலையைப் பார்த்தார். "வாய்க்குள் ஏதோ முனகினீர்களா?"

"இந்தப் பேரைத்தான் டாக்டர். வாய் தானா சொல்லுது."

"சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள்."

கூட்டத்தைப் பிரியாணி சாப்பிட அனுப்பிவிட்டு, மேளத்தையும் நிறுத்தச் சொன்னார். முத்தம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்துமலை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, எதுவும் நினைக்காமல் இருக்கப் பார்த்தார். மறுபடி பார்த்தபோது எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் கொஞ்சம்தான்.

"தலைவலி உண்டா?" டாக்டர் குரலில் மேடைத் தமிழ் போய்விட்டது. "பின் கழுத்து வலிக்குமா?"

"அது ஸ்ட்ரெஸ்ஸுன்னு நெனச்சேன் டாக்டர்."

"எத்தனை நாளா?"

பத்துமலை வாயைத் திறப்பதற்குள் முத்தம்மா பதில் சொன்னாள். "போன தீபாவளிலேருந்து டாக்டர். கிளினிக் போலாம்னு சொன்னா லாரி இருக்குங்குறாரு. லாரி இல்லன்னா மைக் இருக்குங்குறாரு."

"நாளைக்குக் காலையில கிளினிக் போறீங்க" என்றார் டாக்டர். "மைக்கெல்லாம் அப்புறம். இவ்வளவு பிரஷரோட கல் லாரி ஓட்டிட்டு இருந்திருக்கீங்க. உங்களுக்கும் ஆபத்து, எதிர்ல வர்றவனுக்கும் ஆபத்து." பிறகு சன்னாசியைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் உட்காருங்க" என்றார்.

சன்னாசிக்கு நூற்று இருபதுக்கு எண்பது. பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. சன்னாசி ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். "தமிழ்லயே யோசிக்கறவனுக்குப் பிரஷர் ஏறாது டாக்டர். பிரஷர்ங்கறதே..."

"மச்சான்," பத்துமலை கை எடுத்துக் கும்பிட்டார். "எனக்கு இப்பத்தான் எறங்கிட்டு இருக்கு."

மறுநாள் பத்துமலை கிளினிக் போனார். மாத்திரை கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சில வாரம் லாரி பக்கம் போகக் கூடாது என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள். செய்தி அவருக்கு முன்னால் மதார் சாகிப் கடைக்குப் போய்விட்டது. ரொட்டி சானாய்க்குக் கறி கேட்டால் மதார் சாகிப், "உங்களுக்குப் பருப்புதான் அண்ணே. பால், சீனி எதுவும் இல்லாத தே ஓ தாரேன், போதும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்து மேசைக்குப் போகும் கறியின் வாசத்தைப் பத்துமலை மூச்சோடு இழுத்துக்கொண்டார். நாசி என்றால் மூக்கு என்று சன்னாசி சொன்னதில் ஏதோ இருக்கிறது என்றுகூட அவருக்குத் தோன்றியது.

இயந்திரத்தை மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு வைத்தார்கள். பேசக் கூடாது, அசையக் கூடாது என்று ஷர்மினி எழுதி ஒட்டிய குறிப்பின்படி சனங்கள் தினமும் காலையில் வரிசையாக உட்கார்ந்து கை விட்டார்கள். முதலில் 'பி.பி. மெஷின்' என்று சொல்லப் பார்த்தார்கள். டாக்டர் கோபிப்பார் என்று பத்துமலை தடுத்தார். ஆங்கிலப் பெயரைச் சொல்லப் பார்த்தார்கள், வரவில்லை. சன்னாசி 'சிவிகை' என்று சொல்லச் சொன்னார். சிவிகையில் ஏறிப் போகலாமா என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். இப்படி ஒரு வாரம் போயிற்று. அதற்குள் சனங்கள் தாங்களாகவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் தீர்மானிக்கவில்லை.

"அக்கா, அரோகரா பார்த்தாச்சா?"

"பார்த்துட்டேன். நேத்தைக்கு அரோகரா கூடிப்போச்சு. கருவாடு தின்னேன்லா."

"எனக்கு அரோகரா இப்ப பரவால்ல. மேல நூத்து முப்பதுதான்."

பத்துமலைக்கு முதல் இரண்டு நாள் இதைக் கேட்கவே ஆகவில்லை. எத்தனை கஷ்டப்பட்டு, எத்தனை ஹம்ப் ஏறி இறங்கிப் படித்த பெயர். வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் திருத்தினார். ஒரு பயனும் இல்லை. திருத்தினால் தன்னுடைய எண்தான் ஏறுகிறது என்று இயந்திரமே காட்டிக் கொடுத்த பிறகு விட்டுவிட்டார். பேசாமல் கையை நீட்டி உட்காரப் பழகிக்கொண்டார். முத்தம்மாவுக்கு அந்தச் சில நிமிஷம் சொர்க்கம்.

மாதக் கடைசியில் டாக்டர் தர்மா போன் செய்தார். பத்துமலையின் மாத்திரை, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்தார். எண் இறங்கியிருப்பதைக் கேட்டு மகிழ்ந்தார். வைப்பதற்கு முன்னால், "அப்புறம், அந்த அரோகரா நல்லா வேலை செய்யுதா?" என்றார்.

அந்தப் பக்கம் டாக்டர் இருமினார். இந்தப் பக்கம் பத்துமலையும் தொண்டையைச் செருமினார்.

"நல்லா செய்யுது டாக்டர்" என்றார் பத்துமலை. பெயரைத் திருத்தவில்லை.